கேமரா சித்தப்பா

எந்தக் குடும்பத்தை எடுத்துக்கொண்டாலும் ஒருவர் இருப்பார். சில வீடுகளில் மாமா, சில வீடுகளில் அத்தான். எங்கள் பக்கம் சித்தப்பா. தோளில் கறுப்புப் பை, கழுத்தில் கேமரா, பாக்கெட்டில் லென்ஸ் துடைக்கும் மஞ்சள் துணி. விசேஷ வீட்டுக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் முதல் பந்தியில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இவர் அண்ணாந்து ட்யூப்லைட்டைப் பார்த்து, "லைட்டே சரியில்லையே" என்பார். "வாங்க" என்று கும்பிடுகிறவருக்கு அதுதான் பதில்.

ஆரம்பம் என்னவோ எளிமையாகத்தான் இருந்தது. தீபாவளித் தள்ளுபடியில் 18-55 லென்ஸோடு ஒரு கேமரா வாங்கினார். வீட்டு மொட்டைமாடியில் காக்கை, கொடியில் காயும் வேட்டி, முருங்கைப் பூ என்று உலகமே அழகாக இருந்தது. அடுத்த மாதமே யாரோ ஒரு புண்ணியவான் கூடக் கொடுத்த லென்ஸுக்குக் ‘கிட் லென்ஸ்’ என்று பெயர் என்பதையும், மரியாதைப்பட்டவர்கள் அதை வெளியே காட்டமாட்டார்கள் என்பதையும் சொல்லிவிட்டுப் போனார். சித்தப்பா 50 எம்.எம். வாங்கினார். எல்லோரும் வாங்கும் லென்ஸ் அது, விலையும் குறைவு. வாங்கி வந்தபின் தன் கேமராவின் சின்ன சென்சாரில் 50 என்பது 75, 80 போலத்தான் நடந்துகொள்ளும் என்று தெரியவந்தது. பின்சுவரில் முதுகு இடித்தும் குடும்பம் முழுதாக ஃபிரேமுக்குள் வரவில்லை. ஆகவே வைட் லென்ஸ். பிறகு, கோளாறே சென்சாரில்தான் என்று முடிவாகி ஃபுல் ஃபிரேம். 36-க்கு 24 மில்லிமீட்டர், பழைய ஃபிலிமில் ஒரு கட்டம் இருந்த அதே அளவு. பெரிய சென்சாருக்குப் பழைய லென்ஸ்கள் பெரும்பாலும் பொருந்தாததால் மறுபடி முதலிலிருந்து.

இதில் சித்திக்குத் தெரியாமல் நடந்தவை அதிகம். லென்ஸ் எல்லாம் கறுப்பு, எல்லாம் உருளை. பையில் மூன்று இருந்தாலும் ஐந்து இருந்தாலும் திறந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. "இது புதுசா?" "எதும்மா? போன வருஷமே இருந்ததே!" இந்த ஏற்பாடு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. பறவை பிடிக்க ஆசைப்பட்டு, கேனானின் பெரிய டெலி லென்ஸ் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியபோதுதான் குட்டு உடைந்தது. வெயிலில் சூடேறி உள்ளே இருக்கும் கண்ணாடிகள் விரியக்கூடாது என்று அந்தக் கம்பெனி பெரிய லென்ஸ்களுக்கு வெள்ளை நிறம் பூசுகிறது. பொறியியல்படி நல்ல யோசனை. குடும்ப வாழ்க்கையைப் பற்றி யோசித்திருந்தால் பூசியிருக்கமாட்டார்கள். நிகான்காரர்கள் பெரிய லென்ஸுக்கும் கறுப்பே அடிக்கிறார்கள். அவர்கள் வீடுகளில் நிம்மதி அதிகம் என்று சித்தப்பா இன்றும் சொல்வார்.

வாங்கியதைக் காப்பாற்றுவது இன்னொரு வேலை. சென்னைக் காற்றில் ஈரம் ஜாஸ்தி. சும்மா வைத்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். மெல்லிய சிலந்தி நூல் மாதிரி கண்ணாடியில் படரும், துடைத்தால் போகாது. அதனால் வீட்டிலிருந்த காற்றுப் புகாத முறுக்கு டப்பாக்கள் ஒவ்வொன்றாகச் சமையலறையை விட்டு அலமாரிக்குக் குடிபெயர்ந்தன. புதுச் செருப்புப் பெட்டி, மாத்திரை டப்பா, கைப்பை என எதிலிருந்தும் ‘சாப்பிடாதே’ என்று எழுதிய சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் பொறுக்கி அதில் போடுவார். டப்பாவுக்குள் ஈரமானி ஒன்று உட்கார்ந்திருக்கும். முள் நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவே நிற்க வேண்டும். காலையில் பல் துலக்குமுன் அதைப் பார்ப்பார். தன் சர்க்கரை அளவை அவர் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று சித்தியைத்தான் கேட்க வேண்டும். முறுக்கு இப்போது பிளாஸ்டிக் கவரில் நமுத்துக் கிடக்கிறது.

சீசன் வந்தால் ஞாயிறு விடியற்காலை வேடந்தாங்கல். நவம்பரிலிருந்து மார்ச் வரை ஏரி நிறையக் கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நத்தை குத்தி நாரை, பாம்புத் தாரா. கரையில் ஏறக்குறைய 2 கிலோ எடையுள்ள லென்ஸ்களைத் தூக்கிக்கொண்டு சித்தப்பாக்கள் வரிசையாக நிற்பார்கள். நாரைகள் கூட்டமாகச் சேர்ந்தால் குஞ்சுக்கு இரை கொடுக்கும். சித்தப்பாக்கள் சேர்ந்தால் வேறு பேச்சு.

"சார், எத்தனை எம்.எம்.?"

"நூத்தம்பது டு அறுநூறு."

"ஷார்ப்பா இருக்கா?"

"ஐந்நூறு வரைக்கும் பரவாயில்ல. அதுக்கு மேல கொஞ்சம் சாஃப்ட்."

"நானும் அப்படித்தான் கேள்விப்பட்டேன்."

இந்த உரையாடல் முடிவதற்குள் கூழைக்கடா ஒன்று தலைக்கு மேலே தாழப் பறந்து, ஏரியில் இறங்கி, பை நிறைய மீனை அள்ளிக்கொண்டு போயேவிட்டது. பக்கத்தில் சைக்கிளில் வந்து நின்ற ஊர்ப் பையன் மட்டும்தான் பார்த்தான்.

இந்த இடத்தில் மா. கிருஷ்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912-ல் பிறந்தவர். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த படங்கள் இன்றும் பேசப்படுகின்றன. அவருடைய கேமரா கடையில் கிடைக்கும் ரகமில்லை. எங்கெங்கிருந்தோ கிடைத்த பாகங்களைச் சேர்த்துப் பூட்டி, அதற்கு ‘சூப்பர் பான்டெரோசா’ என்று தானே பெயரும் வைத்துக்கொண்டார். இதை ஒருநாள் சித்தி எங்கோ படித்துவிட்டு, "பாருங்க, ஒட்டுப்போட்ட கேமராவுலயே என்னமா எடுத்திருக்கார்!" என்றாள். அந்தப் பேச்சின் உட்பொருள் சித்தப்பாவைத் தவிர எல்லோருக்கும் புரிந்தது. அவர் அன்றிலிருந்து பழைய கேமரா பாகங்களையும் விலைக்குத் தேடிக்கொண்டிருக்கிறார்.

பாட்டி விஷயம் தனி. "நான் போறதுக்குள்ள எனக்கு ஒரு நல்ல படம் எடுத்து வச்சிருடா. இல்லாட்டி ஓட்டர் ஐடியைப் பெரிசு பண்ணி மாலை போட்டுருவீங்க" என்று ஒருநாள் சொல்லிவிட்டாள். முகத்தை எடுப்பதென்றால் 85 எம்.எம். இல்லாமல் முடியாது என்றார் சித்தப்பா. தாய்க்குச் செய்யும் கடமை. சித்தி என்ன பேச முடியும்? 85 வந்தது. ஜன்னலோரம் நாற்காலி போட்டு, பாட்டியை உட்காரவைத்து, "தாடையைத் தாழ்த்தும்மா, கண்ணைச் சிமிட்டாதே" என்று அரைநாள் பாடுபட்டார். கணினித் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். கன்னச் சுருக்கம் ஒவ்வொன்றும், மூக்குத்தித் துளையும், புருவத்தில் நரைத்த ஒற்றை மயிரும் துல்லியமாகத் தெரிந்தன. பாட்டி கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "யார்ரா இந்தக் கிழவி?" என்றாள். அவள் காலத்து ஸ்டூடியோக்காரர் நெகட்டிவ் மேலேயே பென்சிலால் தீற்றிச் சுருக்கத்தையெல்லாம் எடுத்துவிடுவார். தொழில் தெரிந்தவர். அந்தப் படம் நிராகரிக்கப்பட்டது. லென்ஸில்தான் குறை என்று அடுத்து 105, அதற்கடுத்து 135. பாட்டி திடமாக இருக்கிறாள். லென்ஸ் வாங்கும் காரணமும் அப்படியே.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எடுத்த படத்தை நம் கையில் கொடுக்கமாட்டார் என்பதுதான் உண்மையான கஷ்டம்.

எங்கள் அக்கா கல்யாணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்து அமர்த்திய போட்டோகிராஃபர் ஒருபக்கம், வீடியோக்காரர் ஒருபக்கம், இருவருக்கும் முன்னால் சித்தப்பா. "சார், கொஞ்சம் தள்ளிக்குங்க" என்று அந்தப் பையன் கெஞ்சக் கெஞ்ச, இவர் மணவறை விளிம்பில் ஒரு முழங்காலை ஊன்றிவிட்டார். கெட்டிமேளம் முழங்குகிறது. அட்சதை பறக்கிறது. "மாப்பிள்ளை, தாலியை அப்படியே பிடிங்க, ஃபோகஸ் கிடைக்கல!" என்கிறார் சித்தப்பா. மாப்பிள்ளையும் பாவம், மரியாதைக்காரர், அப்படியே பிடித்தார். "முகூர்த்தம் உம்ம ஃபோகஸுக்குக் காத்திருக்காது ஓய்!" என்று சாஸ்திரிகள் போட்ட சத்தம் மைக்கில் மண்டபம் முழுக்கக் கேட்டது. நொடிக்கு 20 படம் எடுக்கும் கேமரா அது. மூன்று முடிச்சு விழுவதற்குள் நானூறு படம் விழுந்திருக்கும். ஃபிலிம் காலத்தில் ஒரு சுருளுக்கு 36 படம்தான். பொங்கல், பிறந்தநாள், தீபாவளி, திருப்பதி எல்லாம் அதற்குள் அடங்கியது. அடுத்த வாரம் ஆல்பமும் கைக்கு வந்தது.

அக்கா மறுவீடு போன அன்று கேட்டாள். "எடிட்டிங்ல இருக்கும்மா." தலைதீபாவளிக்குக் கேட்டாள். எல்லாம் பதப்படுத்தாத ‘ரா’ ஃபைல், ஒவ்வொன்றாகக் கலர் பார்க்க வேண்டும் என்றார். வளைகாப்புக்குக் கேட்டபோது ஹார்ட் டிஸ்க் நிறைந்துவிட்டதாகத் தகவல். குழந்தைக்குக் காது குத்தியாயிற்று. இதுவரை அந்தக் கல்யாணத்திலிருந்து வெளிவந்திருப்பது ஒரே ஒரு படம். நாதஸ்வரத்தின் சீவாளி, அதிலிருந்து தொங்கும் நூல், நூலில் ஒரு துளி ஈரம், எல்லாம் அபாரமான துல்லியம். பின்னால் மஞ்சளும் சிவப்புமாக இரண்டு திட்டுகள் மங்கலாகத் தெரியும். அவர்கள்தான் மணமக்கள்.

அந்த ஒன்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சம்மதிக்கவில்லை. சுருக்கி அனுப்பினால் குவாலிட்டி போய்விடுமாம். லிங்க்தான் வந்தது. பெரியப்பா அதைத் தொட்டால் ‘அனுமதி கேட்கவும்’ என்று வந்தது. சொந்தத் தம்பியிடம் அனுமதி கேட்பதா என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. உலகத்துக்குக் காட்டுவதில் மட்டும் சித்தப்பாவுக்குத் தாராளம். ஃபிளிக்கரில் நெடுநாளாக மீன்கொத்திகளாக ஏற்றிவந்தார். 2019-ல் இலவசக் கணக்குக்கு 1000 படம்தான் என்று வரம்பு வந்தது. எந்த மீன்கொத்தியை நீக்குவது என்று தெரியாமல் இரண்டு இரவு தூங்கவில்லை. கடைசியில் காசு கட்டிவிட்டார். எந்தப் படமானாலும் கீழே அவர் பெயரும் ‘ஃபோட்டோகிராஃபி’யும் இருக்கும். சிட்டுக்குருவிப் படத்தில் எழுத்துக்குப் பின்னால் குருவியைத் தேட வேண்டும். திருடிக்கொண்டு போய்விடுவார்களாம். குருவியையா, பெயரையா?

நல்ல மனிதர்தான், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஊரில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் காசு வாங்காமல் கூப்பிட்ட நேரத்துக்கு வந்து நிற்பார். சாப்பிடக்கூட மறந்துவிடுவார். பந்தி முடிந்தபின் அவருக்கு இலை போட்டுக் காத்திருப்பது எங்கள் வீடுகளில் வழக்கமாகிவிட்டது.

ஆகையால் உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் உங்கள் சித்தப்பாவைத் தாராளமாகக் கூப்பிடுங்கள். ஆனால் மாலை மாற்றுவதற்கு முன்பே, கேமராவில் ‘ரா’வோடு ஜேபெக்கும் பதிவாகும்படி மாற்றச் சொல்லிவிடுங்கள், ‘ரா’ எடுக்கும் கேமராக்களில் அநேகமாக எல்லாவற்றிலும் அந்த வசதி உண்டு. அவர் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து, லேப்டாப் வைத்திருக்கும் ஒரு பையனைப் பக்கத்தில் நிறுத்தி, மெமரி கார்டை வாங்கிக் காப்பி எடுத்துவிடுங்கள். பாயசம் வருவதற்குள் வேலை முடிந்திருக்க வேண்டும். மண்டபத்தை விட்டுக் கார்டு போய்விட்டால் நீங்கள் பொறுப்பு.