காசு கொடுத்து வியர்த்தல்: நமுனுகுலச் சாரலில் ஒரு கள ஆய்வு

காசு கொடுத்து வியர்ப்பதற்கும் காசுக்காக வியர்ப்பதற்கும் உடலளவில் வேறுபாடு உண்டா என்ற கேள்விக்குக் கல்வியுலகம் இதுவரை உரிய மரியாதை தரவில்லை. இக்குறையைப் போக்கும் உயர்ந்த நோக்கத்தோடும் அதைவிட வேகமாக உயர்ந்துவரும் இடுப்பளவோடும், கொழும்பில் கணினிமுன் உட்கார்ந்தே களைத்துப்போகும் என் கூட்டாளிகளும் நானும் பதுளை மாவட்டத்து நமுனுகுல மலைச்சாரலில் ஒரு திறந்தவெளி உடற்பயிற்சி வகுப்பில் சேர்ந்தோம். பாடம்: கொழுந்து பறித்தல். கட்டணத்தில் காலைத் தேத்தண்ணியும் அடக்கம்.

1. முன்னோர் ஆய்வுகள்

1818இல் வில்லியம் கியூபிட் என்ற ஆங்கிலப் பொறியியலாளர், சிறைக்கைதிகள் சும்மா இருக்கக் கூடாது என்று மிதிசக்கரத்தை வடிவமைத்தார். ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கும் போய்ச் சேர முடியாது. தண்டனை மிகக் கொடியது என்று கண்டு அந்நூற்றாண்டின் கடைசியில் கைவிட்டார்கள். அதன் வாரிசு இன்று குளிரூட்டிய அறையில் நிற்கிறது. ஏறுவதற்கு மாதச் சந்தா கட்டுகிறோம்.

1953இல் ஜெரமி மொரிஸ், லண்டன் மாடிபஸ்களை ஆராய்ந்து, நாளெல்லாம் படியேறி இறங்கும் நடத்துநர்களைவிட உட்கார்ந்தே ஓட்டும் சாரதிகளுக்கு மாரடைப்பு அதிகம் என்று காட்டினார். இந்த விதியைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தால், ஜீப்பில் வரும் தொரையைவிடக் கூடை சுமக்கும் அக்காமார் கட்டுமஸ்தாக நூறு வயது வாழ வேண்டும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் ஒருமுறை போய்வந்தவர் எவரும் இந்த வாதத்தைத் தொடர்வதில்லை.

2. கருவிகளும் செய்முறையும்

இடுப்பில் படங்கு. கையில் மட்டக்கம்பு. முதுகில் கூடை, அதன் கயிறு உச்சந்தலையில். மட்டக்கம்பைச் செடியின்மேல் கிடத்தி, அதற்கு மேலே எட்டிப்பார்க்கும் இரண்டு இலையையும் ஒரு மொட்டையும் எடுக்க வேண்டும். எங்களுக்குப் பயிற்சியாளராக வந்த அக்கா முதல் பிடியைக் கூடையில் போடும்போது, பெருகட்டும் என்று வாழ்த்தி ‘பொலி, பொலி’ என்றார். வழக்கமான வகுப்புகளில் இதற்கு ஈடாக இரைச்சலான பாட்டு ஒன்று ஒலிக்கும்.

“நகத்தால கிள்ளாதீங்க தம்பி, ஒடிச்சி எடுங்க” என்றார். அவருடைய இரண்டு கைகளும் செடியின்மேல் தனித்தனியே ஓடின. கண் அடுத்த செடியில் இருந்தது. கை நிறைந்ததும் கொழுந்து தோளுக்கு மேலாகப் பறந்து, திரும்பிப் பாராமலே கூடைக்குள் விழுந்தது. எங்கள் கொழுந்து பெரும்பாலும் எங்கள் கழுத்துப்பட்டைக்குள் விழுந்தது. சரிவில் ஒரு காலை மேலும் ஒரு காலைக் கீழும் வைத்து நிற்பது யோகாசனத்தில் எந்த நிலை என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு தோன்றியது. கால் கடுத்ததும் அது தானாகத் தீர்ந்தது. அட்டைகளின் பங்களிப்பு தனிக் கட்டுரைக்கு உரியது.

3. பெறுபேறுகள்

ஒரு கூட்டாளியின் கைக்கடிகாரம் சற்று நேரத்திலேயே அதிர்ந்து, அன்றைய இலக்கை அடைந்துவிட்டதாக வாழ்த்தியது. தராசு அத்தனை தாராளமாக இல்லை. பல தோட்டங்களில் 18 கிலோ பறித்தால்தான் முழுப்பேர்; குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். எங்கள் எல்லாருடைய கொழுந்தையும் ஒன்றாகக் கொட்டி, முற்றல் இலையையும் காம்பையும் பொறுக்கி எறிந்தபின், ஒருவருக்குக்கூட அரைப்பேர் விழாது என்று தெரிந்தது. அத்தோடு ஈரத்துக்கு, சாக்குக்கு என்று நிறுவையில் கிலோக் கணக்கில் கழிப்பார்களாம். எந்தக் கைக்கடிகாரமும் நடந்த அடிகளில் வியர்வைக்கென்று இருநூறு அடியைக் கழித்ததாகத் தகவல் இல்லை.

4. விவாதம்

டென்மார்க் ஆய்வாளர் அன்ட்ரியாஸ் ஹோல்டர்மன் பல ஆண்டுகளாக ஒரு முரணைச் சுட்டிவருகிறார்: ஓய்வுநேரத்து உடலுழைப்பு இதயத்துக்கு நல்லது, அதே உழைப்பு வேலையாக வரும்போது அந்த நன்மை கிடைப்பதில்லை, தீங்கும் நேரலாம். காரணமாக அவர் சொல்பவை எளியவை: வேலை மணிக்கணக்கில் நீள்கிறது, உடல் தேற இடைவெளி கிடைப்பதில்லை, எப்போது நிறுத்துவது என்பது உழைப்பவர் கையில் இல்லை.

கள ஆதாரமும் இதையே சொல்கிறது. கூட்டாளி ஒருவர் கல்லில் உட்கார்ந்துவிட்டு, “நீங்களும் கொஞ்சம் உக்காருங்களேன் அக்கா” என்றார். “ஒக்காந்தா பேரு வராதே தம்பி” என்று பதில் வந்தது. டென்மார்க்கின் ஆய்வு முழுவதும் இந்த நான்கு சொல்லுக்குள் அடங்கும்.

நடைக்கும் இதே விதிதான். தேயிலை மலைகளூடாக 22 பகுதிகளாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பீக்கோ நடைபாதையில் உலகெங்கிலுமிருந்து ஆட்கள் ஆசையாக நடக்கிறார்கள். களைத்தால் எல்லவில் ஓட்டோ கிடைக்கும். மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்ததன் இருநூறாவது ஆண்டான 2023இல், தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை பலர் கூட்டாக நடந்தார்கள். அவர்களுடைய முப்பாட்டன்மார் காட்டுவழியே மலைக்கு நடந்த நடையை நினைவுகூரும் பயணம் அது. முதல் நடையில் பாதியில் நின்றவர்களில் பலரை நிறுத்தியது காலரா.

5. முடிவும் பரிந்துரையும்

ஆகவே உடற்பயிற்சியின் இலக்கணம் இது: எந்த நேரத்திலும் ‘போதும்’ என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகக்கூடிய உழைப்பு. வியர்வை, நாடித்துடிப்பு, எரிந்த கலோரி எல்லாம் துணைச் சான்றுகள்.

இதிலிருந்து நடைமுறைப் பரிந்துரை ஒன்று பிறக்கிறது. 2021இல் 1,000 ரூபாவான தோட்ட நாட்சம்பளம் 2024 செப்டெம்பர் வர்த்தமானியில் 1,350 ஆனது. நாங்கள் ஒரு காலைப்பொழுதுக்குக் கட்டிய தொகை அதைவிடப் பெரிது. கொழுந்து பறித்தல் உடற்பயிற்சி என்றால் அதைக் கற்பித்தவர் பயிற்சியாளர். பயிற்சியாளருக்குக் கொழும்பில் மணிக்கணக்கில் கட்டணம். அந்தக் கட்டணத்தை நமுனுகுலவிலும் அமுல்படுத்த வேண்டும் என்று இவ்வாய்வு வலியுறுத்துகிறது.

பரிந்துரையை அக்காவிடமே வாசித்துக் காட்டினோம். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“நல்லதுதான் தம்பி. அதுல ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பாங்க?”