முறைவாசல், ஸ்டுட்கார்ட் கிளை

ஸ்டுட்கார்ட்டில் என் மகன் குடியிருக்கும் கட்டடத்தில் ஆறு வீடுகள். லிஃப்ட் கிடையாது. படிக்கட்டைப் பெருக்கித் துடைக்க ஆளும் கிடையாது. வாரத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்திருக்கிறார்கள். யார் முறையோ அவர் வீட்டுக் கதவுக் கைப்பிடியில் ஒரு சின்னப் பலகை தொங்கும். வாரம் முடிந்ததும் அவர் அதைக் கழற்றி அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட வேண்டும். கேர்வோஹெ என்று பெயராம். மகன் இதை ஐரோப்பிய நாகரிகத்தின் உச்சம் என்கிற மாதிரி விளக்கிக்கொண்டிருந்தான். என் மனைவி பாதியிலேயே வெட்டினாள்: "முறைவாசல்னு சொல்லேன்டா."

அவள் பிறந்து வளர்ந்தது திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனத்தில். எட்டுக் குடித்தனம், ஒரு கிணறு, ஒரு வாசல். யார் முறையன்று வாசல் தெளிக்கவில்லை, யார் கோலத்தில் புள்ளி குறைந்தது என்று ஆரம்பித்த சண்டைகள் மூன்று தலைமுறைக்கு நீண்டதுண்டு. ஒன்றிரண்டு சம்பந்தத்தில் முடிந்ததும் உண்டு. அங்கே தேறி வந்தவளுக்கு ஜெர்மனியா பாடம் எடுப்பது?

ஸ்டுட்கார்ட்டும் லேசுப்பட்டதில்லை. 1492லேயே அங்கே ஆண்ட பிரபு, ஒவ்வொருவரும் வாராவாரம் தன் வீட்டுச் சாணியை அள்ளி ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டியாக வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறார். கொலம்பஸ் இந்தியாவைத் தேடிக் கப்பல் ஏறிய அதே வருஷம் இவருக்குச் சாணிக் கவலை. நகராட்சி விதியாக இருந்த முறைவாசலை 1988ல்தான் எடுத்தார்களாம். விதி போனதே தவிர வழக்கம் போகவில்லை; வாடகை ஒப்பந்தத்துக்குள் ஒரு ஷரத்தாகப் புகுந்து உட்கார்ந்துவிட்டது. படிக்கட்டைப் பெருக்குவது சின்ன முறை. நடைபாதை, நிலவறை, குளிர்காலத்தில் பனி அள்ளுவது எல்லாம் பெரிய முறை.

நாங்கள் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் பலகை மகன் வீட்டுக் கதவுக்கு வந்தது. அவனும் மருமகளும் சனிக்கிழமை சாயங்காலம் பத்து நிமிஷத்தில் ஒப்பேற்றிவிடுகிற வேலை அது. என் மனைவி காலை ஆறு மணிக்கே எழுந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூன்று மாடியையும் ஈரத்துணியால் துடைத்தாள். கைப்பிடிக் கம்பியின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்து, "இந்த எடத்தை இதுவரைக்கும் ஒருத்தியும் தொட்டதில்ல" என்று தீர்ப்பளித்தாள். கடைசியில் எங்கள் வாசலில் அரிசிமாவால் நாலு இழைக் கோலம் ஒன்றும் இழுத்துவிட்டாள்.

கீழ்வீட்டில் ஒரு பாட்டி. எண்பதைத் தாண்டியவர். முறைவாசல் விஷயத்தில் கட்டடத்துக்கே போலீஸ் அவர்தான் என்று மருமகள் ஏற்கெனவே எச்சரித்திருந்தாள். பாட்டி படியேறி வந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கோலத்தின் எதிரே குனிந்தார். மருமகளுக்கு முகம் வெளிறிவிட்டது. இது எப்போது துடைக்கப்படும் என்று பாட்டி கேட்டதை அவள் தயங்கித் தயங்கித் தமிழில் சொல்ல, என் மனைவி அசரவில்லை. "நாளைக்குக் காலையில துடைச்சிட்டு வேற போடுவேன். தினமும்தான்." பாட்டி நிமிர்ந்தார். தினமுமா என்று இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். அன்று மாலை ஒரு முழு ஆப்பிள் கேக் வீடு தேடி வந்தது. அதற்குப் பிறகு அந்தப் படிக்கட்டில் என் மகனுக்கு மரியாதையே வேறு. முட்டை போட்டிருப்பார்களோ என்ற விசாரத்துடனேயே நான் மூன்று துண்டு சாப்பிட்டேன்.

எனக்குப் பிடித்த பித்து வேறு: காலி பாட்டில். அங்கே தண்ணீர் பாட்டில் வாங்கினால் பாட்டிலுக்கென்று 25 சென்ட் கூடுதலாக வாங்கிவிடுவார்கள். காலி பாட்டிலைக் கொண்டுபோய் சூப்பர் மார்க்கெட்டில் இருக்கும் இயந்திரத்தின் வாயில் கொடுத்தால், அது உள்ளே உருட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு ரசீதைத் துப்பும். அதைக் கல்லாவில் நீட்டினால் காசு கைக்கு வரும். 25 சென்ட் என்றால் நம் பணத்துக்கு இருபது ரூபாய்க்கு மேல். பென்ஷன் வாங்குகிறவன் மனசு கணக்குப் போடாமல் இருக்குமா? மருமகள் ஒருநாள் பணிவாகவே சொன்னாள்: "தாகம் எடுத்தா மட்டும் குடிங்க மாமா."

மார்ச் கடைசி ஞாயிறன்று ஊர் முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். அடுப்புக் கடிகாரம் ஒன்று, சுவர்க் கடிகாரம் ஒன்று, கார் ஒன்று என்று அன்றைக்கு அந்த வீட்டில் ஆளுக்கொரு நேரம். சரியாக ஓடியது என் மனைவியின் கைக்கடிகாரம் மட்டும்தான். அது முதல் நாளிலிருந்தே இந்திய நேரத்தில் இருந்தது, சீரியலுக்காக.

மூன்று மாதத்தில் ஊர் திரும்பிவிட்டோம்; ஷெங்கன் விசா 180 நாளில் 90 நாளுக்கு மேல் இடம் தராது. இதை உறவினர்களுக்குப் புரியவைக்க முடியவில்லை. அமெரிக்கா போனவர்கள் ஆறு மாதம் இருந்துவிட்டு வருகிறார்களே, நீங்கள் மட்டும் ஏன் மூன்று மாதத்தில்? "மருமகளோட ஏதாவது...?" என்று குரலைத் தாழ்த்தி இழுத்தார்கள். சாக்லேட்டைக் கொடுத்து வாயடைத்தோம்.

மாம்பலம் வந்து சேர்ந்தும் என் கால்கள் மட்டும் ஜெர்மனியிலேயே இருந்தன. அங்கே ராத்திரி பதினோரு மணிக்கு, கண்ணுக்கெட்டிய தூரம் ஈ காக்கை இல்லாத சாலையிலும் சிக்னல் பச்சையாகும் வரை நிற்பார்கள். மீறினால் அபராதம் 5 யூரோ. அதைக் கட்டிவிடலாம்; பக்கத்தில் குழந்தையோடு நிற்கும் தாய் ஒரு பார்வை பார்ப்பாள், அதைத்தான் தாங்க முடியாது. அந்தப் பழக்கத்தில் இங்கே வரிக்குதிரைக் கோட்டருகே, யாராவது வண்டியை நிறுத்துவார்கள் என்று நின்றுகொண்டிருந்தேன். கீரைக்கார அம்மா ஒருத்தி பார்த்துவிட்டு, "இன்னா சார், யாருக்கோசரம் நிக்கிற? கையக் காட்டிக்கினே வா" என்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். இன்னொரு கையில் முருங்கைக்கீரைக் கட்டை உயரத் தூக்கிக் காட்டினாள். ஒரு தண்ணி லாரி கிரீச்சிட்டு நின்றது. 5 யூரோவுக்கு இல்லாத அதிகாரம் அந்தக் கீரைக் கட்டுக்கு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மேல்வீட்டில் டைல்ஸ் வெட்ட ஆரம்பித்தார்கள். ஜெர்மனியில் ஞாயிறு ஓய்வுக்கு அரசியல் சட்டமே காவல். 1919ல் எழுதிய பிரிவை 1949ல் புதுச் சட்டம் எழுதும்போது அப்படியே எடுத்து வைத்துக்கொண்டார்கள். அன்று சுவரில் துளை போடக் கூடாது. காலிக் கண்ணாடிப் பாட்டிலைத் தொட்டியில் போடுவதுகூடத் தப்பு, சத்தம் கேட்கும். இதையெல்லாம் மேஸ்திரியிடம் எடுத்துச் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். "ஞாயித்துக்கெழமதான் சார் ஓனர் வூட்ல இருக்காரு" என்று சொல்லிவிட்டு மிஷினைப் போட்டார்.

பாட்டில் மகிமையை டீக்கடையில் விவரித்தபோதும் அதே கதிதான். "அது நம்ம கவர்மெண்ட்டே குடுக்குதே சார், காலி பாட்டிலுக்குப் பத்து ரூபா" என்றார் டீ மாஸ்டர். வாஸ்தவம். உயர் நீதிமன்றம் சொல்லி 2022ல் நீலகிரியில் டாஸ்மாக் ஆரம்பித்த திட்டம். பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் போனது. மறுநாள் நடைப்பயிற்சியில் சாலையோரம் கிடந்த பாட்டில்கள் எல்லாம் பத்து பத்து ரூபாயாகத் தெரிந்தன. கை துறுதுறுத்தது. நெற்றியில் விபூதியும் கையில் குவார்ட்டருமாகப் போய் வரிசையில் நின்றால் ஊர் என்ன சொல்லும் என்று அடக்கிக்கொண்டேன்.

என் மனைவி இப்படியெல்லாம் புலம்பவில்லை, காரியத்தில் இறங்கினாள். எங்கள் ஃப்ளாட் படிக்கட்டைப் பெருக்க ஒரு அம்மா இருக்கிறாள். வந்தால் வருவாள். பழைய காலண்டர் அட்டையை வெட்டி, "இந்த வாரம் உங்கள் முறை" என்று எழுதி, சணல் கட்டி, முதல் மாடிக் கதவில் மாட்டினாள். மறுநாள் காலை அந்த வீட்டுப் பெண் முகமெல்லாம் மலர்ச்சியாக ஓடிவந்தாள்: "ஆன்ட்டி, சீட்டு எனக்கு விழுந்திருக்கா? எவ்ளோ வரும்?"

என் மனைவி அரை நிமிஷம் யோசித்தாள். திருவல்லிக்கேணி மூளை. அந்த மாதமே சீட்டு தொடங்கிவிட்டது. ஒன்பது வீடும் சேர்ந்தது, வாட்ச்மேன் பத்தாவது. பெருக்குகிற அம்மாவும் ஒரு பங்கு எடுத்திருப்பதால், குலுக்கலுக்கு முந்தைய நாலு நாளும் படிக்கட்டு பளிச்சென்று இருக்கிறது. பலகை ஒழுங்காக வீடு வீடாகப் போகிறது. இப்போது ஃப்ளாட் சங்கச் செயலாளர் வீட்டுக் கதவில் தொங்குகிறது. முறைவாசல் பற்றிய பேச்சை அவர் அடுத்த பொதுக்குழுவுக்குத் தள்ளி வைத்திருக்கிறார்.