மத்தியானக் கண்ணயர்வும் மாவிலையும்: ஸ்கந்தபுரத்திலிருந்து ஓர் ஆய்வு

ஆய்வுப் பிரச்சினை: மத்தியானச் சோற்றுக்குப் பிறகு மாமரத்தடியில் சாக்குக் கட்டிலில் சரிவது சோம்பலா, சாத்திரமா? அக்கராயன் குளத்தை அண்டிய ஸ்கந்தபுரத்தில், சோளகம் புழுதியை வாரியடிக்கும் ஆடி மாதத்தில் இக்கேள்வி நாள்தோறும் எழுகிறது. எழுப்புபவர் இவ்வாய்வாளரின் மனைவி.

கருதுகோள்: மரமே அதைத்தான் செய்கிறது.

முதற் சான்று: மாவிலையின் அடிப்பக்கம் முழுக்கக் கண்ணுக்குப் புலப்படாத துளைகள். பாடநூலில் இவை இலைவாய், நமக்குப் படலை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு காவற்கலங்கள். வெளிச்சம் பட்டதும் அவை பொற்றாசியத்தை உள்ளிழுக்கும். பின்னாலேயே தண்ணீர் வரும். கலங்கள் ஊதி வளைய, நடுவில் வழி திறக்கும். காபனீரொட்சைட்டு உள்ளே வரும், நீராவி வெளியே போகும். ஒரு காபனீரொட்சைட்டு மூலக்கூறுக்கு நூற்றுக்கணக்கான நீர் மூலக்கூறுகள் செலவு. இப்படி வியாபாரம் செய்து எந்தக் கடைக்காரரும் பிழைத்ததில்லை.

ஆகவே மரம் கணக்குப் பார்க்கிறது. மண் காய்ந்தால் அப்சிசிக் அமிலம் என்ற ஓமோன் காவற்கலங்களுக்குச் சேதி சொல்லும். பொற்றாசியம் வெளியேற, கலங்கள் தளர, படலை சாத்தப்படும். கடும் வெயிலில் காலையில் உழைத்து, நண்பகலில் ஒடுங்கி, பின்னேரம் கொஞ்சம் திறக்கும் மரங்கள் பல. தாவரவியலார் இதை நண்பகல் தாழ்வு என்பர். எங்கள் வீட்டில் வேறு பெயர் வழங்குகிறது.

இரண்டாம் சான்று: இரவெல்லாம் வயலில் பன்றிக்குக் காவல் இருந்துவிட்டுப் பகலில் படுப்பவரை யாரும் ஏசுவதில்லை. அவர் அன்னாசி வகுப்பு. அன்னாசி இரவில் படலை திறந்து, வந்த காபனீரொட்சைட்டை அமிலமாகச் சேமித்து, பகலில் படலையைச் சாத்திவிட்டு உள்ளே சமைக்கும். இந்தியாவில் இருந்த தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன் இதே வகுப்பைச் சேர்ந்த பிரையோபில்லத்தின் இலையைக் கடித்துப் பார்த்தார்: காலையில் புளிப்பு, மத்தியானம் சுவையில்லை. 1815இல் அது அச்சேறியது. ஆய்வுக்கருவி நாக்கு ஒன்றே.

மறுப்பு: உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மகளுடையது. "அப்பா, நீங்கள் படுக்கிற குளிர்ச்சியே மரம் வேலை செய்யிறதால வாறது. ஒரு லீற்றர் தண்ணி ஆவியாக ஏறக்குறைய 2,400 கிலோயூல் வெப்பம் வேணும். 1,000 வாற்றுக் கேத்தில் நாற்பது நிமிசம் எரியிற அளவு. அதை மரம் தன்ரை இலையிலையிருந்தும் காத்திலையிருந்தும் எடுக்குது. எல்லாப் படலையையும் சாத்திப்போட்டு மரமும் உங்களைப்போல படுத்தால், கீழ நீங்கள் புழுங்கிப் போவியள்."

"இஞ்சரப்பா, கேட்டதே?" என்றார் முதல் வினாவை எழுப்பியவர்.

மறுப்பைப் பரிசீலித்ததில் கருதுகோள் பாதி விழுந்தது. கட்டில் மட்டும் விழவில்லை.

முடிபு: மரத்தடியில் படுக்க விரும்புவோர், முதலில் வேரடியில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டுப் படுக்கவும். வேர் நனைந்திருந்தால் படலை அதிக நேரம் திறந்திருக்கும், நிழலும் குளிரும்.