ஹாம் ரேடியோவும் ஈரப் புடவையும்

பொழுதுபோக்காக வானொலியில் உலகத்தோடு பேசும் ஹாம் ரேடியோக்காரன் கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் மண்டபத்து மொட்டை மாடியைத்தான் பார்ப்பான். கம்பி கட்ட இடம் இருக்கிறதா? நாற்பது மீட்டர் அலைவரிசைக்கு ஒரு டைபோல் ஆன்டெனா கட்ட கிட்டத்தட்ட 20 மீட்டர் ஒயர் வேண்டும். ஒயர், ரேடியோ, பவர் சப்ளை, கோஆக்ஸ் கேபிள் எல்லாவற்றையும் பெட்டியில் அடைத்துவிட்டால் மனைவியின் பட்டுப்புடவைக்கு இடம் இருக்காது. எங்கள் வீட்டில் பல பயணங்கள் பெட்டி கட்டும் கட்டத்திலேயே நின்று போயிருக்கின்றன.

இப்போது அந்தத் தகராறு இல்லை. ரேடியோ தாம்பரத்தில் வீட்டு மேசையிலேயே இருக்கிறது. ஐகாம் 7300, 100 வாட். அதோடு ஒரு ராஸ்பெர்ரி பை. ரேடியோவில் கேட்பதை அது இணையத்தில் ஏற்றி என் போனுக்கு அனுப்பும்; நான் போனில் அலைவரிசையைத் திருப்பினால் அங்கே ரேடியோ திரும்பும். வீட்டு இணைய இணைப்புக்குத்தான் ஐபி என்ற சொந்தக் கதவு எண் கிடையாது, ஊருக்கே ஒரே எண்ணைக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அதனால் விபிஎன் என்ற கொல்லைப்புற வழியாக என் வீட்டுக்குள் நானே நுழைய வேண்டியிருக்கிறது.

"அத்தான், ஜப்பான்காரன்கிட்ட பேசணும்னா அவன் நம்பருக்கே வாட்ஸ்அப் கால் பண்ணிடலாமே?" என்று மச்சினன் கேட்டான். நம்பர் தெரிந்த ஆளிடம் பேச ரேடியோ எதற்கு? வானத்தைப் பார்த்துக் கூப்பிட்டால் யார் எடுப்பார் என்று தெரியாது, யாராவது எடுப்பாரா என்பதும் தெரியாது. ரேடியோ அலைகளை மேலேயிருந்து திருப்பி அனுப்பும் அயனி மண்டலத்தின் தயவில்தான் எல்லாம். இதைச் சொன்னதும் அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அக்காவிடம் தனியாக ஏதோ விசாரித்தான்.

நெல்லை எக்ஸ்பிரஸில் சைடு லோயரில் உட்கார்ந்து இதைச் செய்து பாருங்கள். இயர்போனை மாட்டிக்கொண்டு "சீக்யூ, சீக்யூ" என்று பொது அழைப்பு விடுத்தேன். எதிரே இருந்த பாட்டி கவலையோடு குனிந்து, "யாருக்குத் தம்பி சீக்கு?" என்றார். அடுத்து என் அழைப்புக்குறியை எழுத்து எழுத்தாக, "விக்டர், யூனிஃபார்ம்" என்று ஆரம்பித்ததும், அதுவரை என் இருக்கையில் கால் நீட்டியிருந்தவர் சட்டென்று காலை மடக்கிக்கொண்டார். நான் மஃப்டியில் வந்த போலீஸ் என்று அவர் முடிவு கட்டியது எனக்கு வசதியாகவே இருந்தது.

அன்று 20 மீட்டர் அலைவரிசையில் ஐரோப்பா நன்றாகத் திறந்திருந்தது. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் யார் வேண்டுமானாலும் இணையத்தில் அலைவரிசையைத் திருப்பிக் கேட்கக்கூடிய ஒரு ரிசீவர் இருக்கிறது. அதில் என் குரலைத் தேடினேன். செங்கல்பட்டில் நான் பேசியது தாம்பரம் போய், வானத்தில் ஏறி, நெதர்லாந்தில் இறங்கி, திரும்ப என் காதுக்கே வந்தது. நான் சொன்னதை என் வீட்டில் யாரும் இவ்வளவு தூரம் போய்க் கேட்டதில்லை.

விருத்தாசலம் தாண்டினால் போனில் சிக்னல் போய்விடும். பேசும் பொத்தானை அமுக்கிய நிலையில் அது போனால் ரேடியோ பேச்சு நிலையிலேயே நின்றுவிடும் அபாயம் உண்டு. அதற்காக ஒரு நேரக்கட்டுப்பாடு இருக்கிறது. மூன்று நிமிடத்துக்கு வைத்திருக்கிறேன், அதற்கு மேல் ரேடியோ தானாக வாயை மூடிக்கொள்ளும். கல்யாண மேடையில் வாழ்த்துரை வழங்குபவர்களுக்கு இதைப் பொருத்த இன்னும் யாருக்கும் தோன்றவில்லை.

இவ்வளவு படித்த பிறகு, ரிமோட் என்பது என் கையிலிருக்கும் போன் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. ரிமோட் என்பது வீட்டில் இருக்கும் மனைவி.

ரௌட்டர் தொங்கிவிட்டால் அணைத்துப் போட வேண்டும். "சிவப்பு லைட் எரியுதா பாரு." "எந்தச் சிவப்பு? இங்க நாலு எரியுது." இடி இடித்தால் ஆன்டெனா கேபிளைப் பிடுங்கி ஒரு கண்ணாடி ஜாடிக்குள் போட வேண்டும், அது பழைய ஹாம்களின் வழக்கம். ஐப்பசி மழையில் எங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடியில் மாவடு இருக்காது, கேபிள்தான் இருக்கும். ஆக, முன்பு பெட்டியில் புடவைக்கு இடம் இல்லாததால் அவள் வரவில்லை. இப்போது பெட்டி நிறைய இடம் இருக்கிறது, ரேடியோவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்பதால் அவள் வருவதில்லை.

மார்க்கோனி மட்டும் என்ன செய்தார்? 1901 டிசம்பரில் அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய், நியூஃபவுண்ட்லாந்தின் குன்று ஒன்றில் பட்டம் விட்டு ஆன்டெனாவை ஏற்றிக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மூன்று புள்ளிகள் கேட்டன என்று உலகத்துக்கே சொன்னார். இங்கிலாந்தின் போல்டு நிலையத்தில் உட்கார்ந்து அந்த மூன்று புள்ளிகளையே மணிக்கணக்கில் அனுப்பிக்கொண்டிருந்தவர்களின் பெயரை எந்தப் பள்ளிக்கூடப் புத்தகமாவது சொல்கிறதா?

ஒருநாள் திருநெல்வேலியில் இருந்தபடி போனைத் திறந்தேன். வழக்கமாக ஒன்றரைக்குள் நிற்கும் எஸ்டபிள்யூஆர் என்ற ஆன்டெனா அளவு மூன்றைத் தாண்டி நின்றது. அனுப்பும் சக்தியில் கால் பங்குக்கு மேல் திரும்பி வருகிறது என்று அர்த்தம். கம்பி அறுந்திருந்தால் இன்னும் மோசமாகக் காட்டியிருக்கும். யோசித்துப் பார்த்து வீட்டுக்குப் போன் போட்டேன்.

"மாடியில கம்பி மேல ஏதாவது காயப் போட்டியா?"

கொஞ்ச நேரம் பதிலே இல்லை. "கொடியில இடம் இல்லை, ரெண்டு ஈரப் புடவை போட்டேன். ஏங்க, மாடியில கேமரா வச்சிருக்கீங்களா?"

அந்தக் கம்பியின் நுனியில், நான் பேசும்போது நூற்றுக்கணக்கான வோல்ட் ஏறும், தொட்டால் விரல் சுடும் என்று விளக்கினேன். அவள் காதில் விழுந்தது கேமரா மட்டும்தான். கேமரா இல்லை என்று இன்றுவரை நம்பவில்லை.

எஃப்டி8 என்று ஒன்று வந்திருக்கிறது. 15 விநாடிக்கு ஒரு முறை இரண்டு கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் குறுஞ்செய்தி மாற்றிக்கொள்ளும், பேசவே வேண்டாம். ரயிலுக்கு ஏற்றது, பாட்டிக்கும் கவலை இருக்காது. 1993-இல் இயற்பியல் நோபல் பெற்ற ஜோ டெய்லர் அதை உருவாக்கியவர்களில் ஒருவர். நோபல் வாங்கியவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை, இருந்தாலும் சொல்கிறேன்: அதில் சுவாரஸ்யம் இல்லை.

இதைப் படிக்கும் ஹாம் நண்பர்கள் யாராவது என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போது நான் பாதியில் காணாமல் போனால், அலைவரிசையை மாற்றாமல் அரை மணி நேரம் பொறுங்கள். வீட்டில் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். வந்ததும் ரௌட்டரை அணைத்துப் போடுவார்கள்.