கோச்சியம்: ஓய்வதிகாரம்

ஓடுவ, ஓய்ந்த, ஓய்ந்தும் ஓடுவ
எனமூ வகைய கோச்சி மலைமிசை.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், இலங்கையின் பதுளைப் பாதையில் ஓடி இளைத்த, கோச்சி எனப்படும் ரயில் வண்டிகளின் பாகுபாடு உணர்த்துதல் நுதலிற்று. மலைமிசை என்றதனால் கரையோர வண்டிகள் விலக்கப்பட்டன. முதல் வகை, இன்னும் ஓடுவதால், இவ்வதிகாரத்துக்குப் புறம்பானது.

நூல் பிறந்த இடம் பூனாகலை. அங்கே தண்டவாளம் கிடையாதே என்பார்க்கு விடை: இல்லாததே தகுதி. ரயில் பிடிக்க பஸ்ஸேறிப் பண்டாரவளைக்குப் போக வேண்டிய ஊரில்தான் ரயிலைப் பற்றி யோசிக்க நேரம் கிடைக்கும். ஸ்டேசன் வாசலில் குடியிருப்பவன் ஏறிப் போய்விடுவான். நூல் எழுத மாட்டான்.

இனி முதற்பொருள். நிலமும் பொழுதும் முதல் என்ப. பாதை 1885இல் நானுஓயாவையும் 1893இல் அப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் தொட்டது. அங்கிருந்து பதுளைக்குப் போய்ச் சேர்ந்தது 1924இல். மிச்சமிருந்த அந்தக் கொஞ்சத் தூரத்துக்கு 30 ஆண்டு. இடையில் உலகப் போர் ஒன்று வந்தது, தெமோதரையில் மலை குறுக்கே நின்றது. இறங்க இடம் போதாமல் பாதை ஒரு வட்டம் அடித்து, தான் தாண்டி வந்த ஸ்டேசனுக்கு அடியிலேயே சுரங்கம் வழியாக நுழைந்து போகிறது. பட்டிப்பொலைக்கும் ஒகியவுக்கும் இடையே உச்சி 1,898 மீற்றர். ஏற்றம் பல இடங்களில் 44 அடிக்கு ஓர் அடி. பொழுது எனின், அட்டவணையில் உள்ளது ஒன்று, வந்து நிற்பது வேறொன்று. ஆகவே பொழுதுக்கு இலக்கணம் கூறாது விட்டாம். உரிப்பொருள் காத்திருத்தல்.

வகைப்படுத்தும் தொழிலில் ரயில்வேத் திணைக்களம் நமக்கு மூத்தது. நீராவி எஞ்சின்களுக்கு ஏ, பி, சி. டீசல் எஞ்சின்களுக்கு எம். எஞ்சினும் பெட்டியும் ஒன்றாகக் கோத்த தொடருக்கு எஸ். எழுத்துக்குப் பின் எண், எண்ணுக்குப் பின் வேண்டுமானால் இன்னொரு சிற்றெழுத்து. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தை முதலில் வைத்தது ஏன் என்பது இந்தப் பதிவேட்டைப் பார்த்தால் விளங்கும்.

சி வகையில் குறிக்கத் தக்கது காரட் எஞ்சின். மான்செஸ்டரில் பேயர் பீகொக் கம்பனி செய்தது; 1927இல் ஒன்று வந்தது, சி1 என்றார்கள்; 1945இல் எட்டு வந்தன, சி1ஏ என்றார்கள். நடுவில் கொதிகலன், முன்னுக்கு ஒரு சக்கரத் தொகுதி, பின்னுக்கு ஒன்று. வளைவில் மூன்றும் மூன்று பக்கம் திரும்பும். ஒரு கொதிகலன் இரு எஞ்சினுக்குச் சோறு போடுகிறதே, இதை ஒருமையில் சொல்வதா பன்மையில் சொல்வதா என்பது வினா. நிலக்கரி அள்ளிப் போட்டவரைக் கேட்டால் பன்மை என்றே சொல்லியிருப்பார்.

ஓய்ந்தும் ஓடுவ என்பதற்கு உதாரணம் எம்2. கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 முதல் கனடா தந்தவை. ஒன்டாரியோ, அல்பர்ட்டா, மானிடோபா என்று கனடிய மாகாணங்களின் பேரைப் பூசிக்கொண்டு வந்தவை, தேயிலைக்கு நடுவே அந்தப் பேர்களோடேயே மூச்சு வாங்கின. இவற்றுள் மானிடோபா 2004 டிசம்பர் 26 அன்று பெரலியவில் சுனாமி அடித்த ரயிலை இழுத்துச் சென்ற எஞ்சின். பெட்டிகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் போனார்கள். எஞ்சினை மீட்டுப் பழுது பார்த்துத் திரும்பவும் ஓடவிட்டார்கள். இதை எந்த வகையில் சேர்ப்பது என்று தெரியாமல்தான் சூத்திரத்தில் மூன்றாம் வகை சேர்க்கப்பட்டது.

ஓய்ந்தவற்றின் உட்பிரிவு, ஓய்ந்தபின் கிடக்கும் இடத்தால் அமையும். கூரை வாய்த்தவை, புல் வாய்த்தவை, நீர் வாய்த்தவை என்று மூன்று. கூரை கடுகண்ணாவையில்: 2014 டிசம்பரில் ரயில் பாதையின் 150ஆம் ஆண்டையொட்டி அங்கே அரும்பொருட்காட்சியகம் திறந்தார்கள். புல்லுக்கு விளக்கம் வேண்டாம், எந்தப் பெரிய ஸ்டேசனிலும் பக்கத் தண்டவாளத்தைப் பார்க்க. நீர் வாய்த்தவை நம் நாட்டு மரபல்ல. நியூயோர்க் சுரங்க ரயிலில் செந்நிறம் பூசிய பெட்டிகள் 2003இல் ஓய்ந்தன. அவற்றுள் பெரும்பகுதியை டெலவெயர் முதலான கரைகளுக்கு அப்பால் கடலில் தள்ளி மீனுக்கு வீடாக்கினார்கள். அலுவலக நேரத்தில் நின்றுகொண்டே போன பெட்டியில் இப்போது மீனுக்குத் தாராளமாக இடம். இடத்தாலன்றி நாளால் குறிக்கத் தக்க ஓய்வும் உண்டு: கொல்கத்தாவின் சுரங்க ரயில் 1984 அக்டோபர் 24இல் தொடங்கியது. சென்னை பெரம்பூர் தொழிற்சாலையில் செய்த அதன் குளிரூட்டாத பெட்டிகளுக்கு 2021இல் அதே தேதியில் விடை கொடுத்தார்கள். பிறந்தநாளும் ஓய்வுநாளும் ஒன்றாய் அமைவது அரசாங்க ஊழியர்க்கும் அரிது.

தொங்குவண்டி ஒன்றும் கூறுதும். ரயிலின் கடைசியில் பெரிய கண்ணாடியோடு கோத்த முதலாம் வகுப்புக் காட்சிப் பெட்டி அது. ஆசனங்கள் பின்பக்கம் பார்த்தவை. வந்த வழியையே பார்த்துக்கொண்டு போக அதிகக் காசு கொடுத்தார்கள் வெள்ளைக்காரர்கள்; பிறகு நம்மவர்களும் கொடுத்தார்கள். சீனாவிலிருந்து 2012இல் வந்த நீல நிற எஸ்12 தொடருக்கு இரு முனையிலும் எஞ்சின் இருப்பதால் தொங்க வால் இல்லை.

இதுவரை சொன்னவை திணைக்களத்தார் கொள்கை. தோட்டத்தார் கொள்கை வேறு. அவர்கள் எழுத்தையும் எண்ணையும் பார்ப்பதில்லை. காலைக் கோச்சி, மெயில் கோச்சி என்று பொழுதையும் சுமையையும் பார்த்தே பேரிடுவர். அந்தப் பாகுபாட்டில் ஒரு வகை உண்டு, எந்தப் பதிவேட்டிலும் அதற்கு எழுத்தில்லை: அழுகைக் கோச்சி.

1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும், நாடற்றுக் கிடந்த தோட்டத்தாரைப் பங்கிடும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கேயே என்று பங்கு பிரிந்தது. மீதி 150,000 பேரின் கணக்கை 1974இல் முடித்தார்கள். 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இந்தியாவுக்கென மலைநாட்டு ஸ்டேசன்களில் ஏறியவர்கள் பொல்காவலையில் வடக்கே திரும்பி, தலைமன்னார்த் துறையில் இறங்கி, கப்பலில் ராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் பதிந்தார்கள். பெட்டிகள் வழக்கமான மூன்றாம் வகுப்புதான். அடையாளம் மேடையில் இருந்தது: கயிறு கட்டிய தகரப் பெட்டி, பாயில் சுருட்டிய படுக்கை, ஜன்னல் கம்பிக்கு உள்ளிருந்து ஒரு கை, வெளியிலிருந்து ஒரு கை. அண்ணன் இந்தியக் கடவுச்சீட்டுக்காரன், தம்பி இலங்கைப் பிரஜை. கார்ட் விசில் ஊதிய பிறகும் கம்பியை விடாமல் மேடை முடியும்வரை கூடவே ஓடுவார்கள். குறிஞ்சிக்கு உரிப்பொருள் புணர்தல் என்று படித்தவர் இந்தப் பாதைக்கு வேறு எழுதிக்கொள்க. மேலே காத்திருத்தல் என்றது பயணிகளுக்கு. மேடையில் நின்றவர்களுக்குப் பிரிதல்.

இவ்வகை ஓய்ந்தது எஞ்சின் தேய்ந்ததாலன்று. 1980களின் நடுவில் போரும் நின்றுபோன கப்பலும் நிறுத்தின. எனவே இதன் ஓய்வுக்குக் கூரையுமில்லை, புல்லுமில்லை, நீருமில்லை. அருங்காட்சியகத்தில் வைக்கலாமென்றாலும் எந்தப் பெட்டியை வைப்பது? அதே பெட்டி அடுத்த வாரம் கோவா மூட்டையோடும் கல்யாண வீட்டாரோடும் ஓடியிருக்கும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. வண்டிக்கு வகை அதன் இரும்பால் அமைய வேண்டும், ஏறியவர் கண்ணீரால் அன்று என்பர் திணைக்களத்தார். அவர்க்கு நாம் கூறுவது: மெயில் என்ற வகையையும் நீங்கள் சுமந்த தபாலை வைத்துத்தானே அமைத்தீர்கள்? தபாலுக்கு உள்ள தகுதி ஆளுக்கு இல்லையா?

ஒழிபு. சென்னைப் பெரம்பூரில் செய்த எஸ்13 தொடர்கள் இலங்கைக்குக் கப்பலேறின. மலைக்குச் சீனத்து எஸ்14 வாய்த்தது. வகுப்பு அறியாதார் இரண்டையும் புதுக் கோச்சி என்பர். அவை இன்னும் ஓடுவன. ஓய்ந்தால் அடுத்த பதிப்பில் காண்க.