ஒத்து ஊதினவன் யோசனை

வாடா பேராண்டி. இஞ்சினியரிங் காலேஜுல பாட்டு ரசிக்கச் சொல்லிக்குடுக்கப் போறியாமே, உங்கம்மா சொன்னா. நான் நாயனத்துக்கு ஒத்து ஊதினவன், தெரியுமில்ல? நிர்வாகத்துக்கு ஊதறவனுங்க உன் காலேஜுலயும் இருப்பானுங்க, அந்தக் கூட்டம் வேற.

மொத நாளே போர்டு நெறைய 72 மேளகர்த்தா ராகத்தையும் எழுதிப்போடு. கனகாங்கி, ரத்னாங்கின்னு வரிசையா ஒப்பி. பயலுவ போன நோண்டப் போயிருவானுங்க, உனக்குத் தொண்டத்தண்ணி மிச்சம். எவனாவது சினிமாப் பாட்டுன்னு வாயத் தொறந்தா மூக்கச் சுளி. அப்பத்தானே பெரிய வித்துவான்னு நம்புவானுங்க? அட, மொறைக்காதே!

பயலுவ தங்கணும்னா இதக் கேளு. டி.எம்.எஸ். பாடின 'சிந்தனை செய் மனமே'யப் போடு. அடுத்தாப்புல இளையராஜாவோட 'ஜனனி ஜனனி'யப் போடு. ரெண்டும் கல்யாணி ராகம்னு சொல்லித் தொலைச்சிராதே. ரெண்டும் பங்காளி மொகமா இருக்கேன்னு அவனே மோப்பம் புடிக்கட்டும்.

பொறவு ஒரு தம்புராவத் தூக்கிட்டுப் போ. செல்போன் தம்புரா இல்ல, மரத் தம்புரா. குதிரை மேல கம்பிக்கு அடியில பருத்தி நூலு கெடக்குமே, ஜீவாளி, அத உருவிட்டு மீட்டு. மொட்டையா ஒரு சத்தம் வரும். ஒரு பயலக் கூப்பிட்டு நூலத் திருப்பிப் போட்டு, மயிரிழை மயிரிழையா நகத்தச் சொல்லு. ஒரு எடத்துல கம்பி ரீங்காரம் போடும் பாரு, ஒத்தக் கம்பிக்குள்ள பல சொரம் கேக்கும். கடைசி பெஞ்சுக்காரன் எந்திரிச்சு வந்து "எப்பிடி சார்?"னு கேப்பான். நீ வாயத் தொறக்காதே. அது அவன் படிக்கிற படிப்பு, அவனே கண்டுபுடிப்பான்.

பௌதிக வாத்தியாரு உன்ன எளக்காரமாப் பாத்தா சர் சி.வி. ராமன எடுத்து விடு. மிருதங்கத்தோட வலந்தலையில அப்பியிருக்கற கரணைதான் அந்தத் தோல சுதியாப் பேச வெக்குதுன்னு, கூட்டாளியோட சேந்து 1920லயே எழுதிட்டாரு மனுசன்.

மார்க்கா? எனக்குப் புடிச்சிருந்துச்சு சார்னு இளிக்கறவனுக்குப் போடாதே. சொரம் எங்க மாறுச்சு, தாளம் எங்க ஆரம்பிச்சுதுன்னு கேட்டுச் சொன்னவனுக்குப் போடு. 75 சதவீத அட்டெண்டன்ஸுக்காக வந்தவன் தூங்கினா எழுப்பாதே, தாலாட்டு ராகம் நீலாம்பரி நல்லா வேல செஞ்சுதுன்னு வெச்சுக்க. வகுப்பு மொத்தமும் தூங்குதா, நீ பேசறத நிறுத்திட்டுப் பாட்டப் போடு.