மேகம் வந்தால் மின்வெட்டு

எதிர் வீட்டு அண்ணன் தோட்டத்தில் சோலார் நீரூற்று வைத்திருக்கிறார். பீங்கான் பொம்மைக்கும் பியூஸ் கேரியருக்கும் பேர்போன விருத்தாசலமாயிற்றே. தொட்டியோரம் ஒரு பீங்கான் தவளையும் உண்டு.

பேட்டரி இல்லாத வகை. காக்கைகூட எட்டிப் பார்க்காத உச்சி வெயிலில் ஆளுயரம் பாயும். சாயங்காலம் நாற்காலி போட்டு நாம் உட்கார்ந்தால், அதுவும் உட்கார்ந்துவிடும். நடுவில் மேகம் வந்தால் மின்வெட்டு.

“கரண்டு செலவு ஒத்தப் பைசா கிடையாது தம்பி” என்கிறார். உண்மைதான். ஆவியாகிப் போகும் தண்ணீரை ஈடுகட்ட மட்டும் தினமும் போர்வெல் மோட்டார் ஓடுகிறது. சுந்தரர் எங்கள் மணிமுத்தாற்றில் போட்ட பொன்னைத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்தாராம். அண்ணன் வெயிலில் மிச்சம் பிடித்ததை மோட்டாரில் போடுகிறார், எடுக்கத்தான் குளமில்லை.

பக்கத்து நெய்வேலியிலோ, அடியிலிருந்து அழுத்தத்தோடு முட்டும் நீர் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடிக்காமலிருக்க, இரவு பகலாக பம்பு வைத்து இறைக்கிறார்கள். தானாகப் பொங்குவதை அடக்க ஒரு மின்சாரம்; பொங்காததைப் பொங்கவைக்க ஒரு சூரியன்.

தவளை மட்டும் அசரவில்லை. சூளையிலேயே வெந்து வந்தது. எங்கள் ஊர் வெயில் அதற்கு எம்மாத்திரம்!